என்ன கார் எடுக்கலாம், சேர்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். கார் வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நேரம் இல்லாவிட்டாலும் வாசியுங்கள்.

2025 பெப்ரவரியில் கார் இறக்குமதி திறந்ததிலிருந்து எங்களிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். பள்ளியில் தொழுதுவிட்டு செருப்பைத் தேடும்போது கேட்கிறார்கள். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே கேட்கிறார்கள். மவுத்து வீட்டில்கூட கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

"என்ன கார் எடுக்கலாம், சேர்?"

எங்களிடம் ஏன் கேட்கிறார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் ஆசிரியர்கள், ஒருவர் வங்கியில், ஒருவர் கராஜ் வைத்திருக்கும் காக்கா. இஷாவுக்குப் பிறகு அந்தக் கராஜின் முன்னால் பழைய லொறி ரயரில் குந்திக்கொண்டு வாகனக் கதை கதைப்பதுதான் எங்கள் தொழில். பிளேன்டீ வரும், இஞ்சி பிஸ்கட் வரும், கருத்தும் வரும். தூரத்தில் வரும் வண்டியின் சத்தத்தை வைத்தே பெயரைச் சொல்லிவிடுவோம். டொல்பின் வேனா, எல்ஃப் லொறியா என்பதெல்லாம் திரும்பிப் பார்க்காமல் வரும். எங்கள் சொந்த வாகனங்களைப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஒரு பழைய நிஸான் சனி, இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஓட்டோ. அறிவுக்கும் சொத்துக்கும் சம்பந்தமில்லை என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொள்வோம்.

2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியபோது சில மாதக் கதை என்றுதான் நினைத்தோம். அது ஐந்து வருடமாக இழுபட்டது. அந்த ஐந்து வருடத்தில் ஒரு புதினம் நடந்தது. உலகத்தில் எங்கும் கார் ஓட ஓட விலை குறையும். எங்கள் ஊரில் ஓட ஓட விலை கூடியது. 2015இல் வாங்கிய காரை ஆறு வருடம் ஓடிவிட்டு, வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் இருக்கிறார்கள். அதனால் காரும் காணி மாதிரி, போட்ட காசு எங்கேயும் போகாது என்று ஒரு எண்ணம் ஊருக்குள் ஊறிவிட்டது. நாங்களும் அதைத்தான் சொன்னோம். "எடுத்து வையுங்க, நட்டப்பட மாட்டீங்க" என்று எத்தனை பேருக்குச் சொன்னோமோ கணக்கில்லை.

இப்போது மறுபடியும் கேட்கிறார்கள். பதில் சொல்ல முந்தி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்களோடு படிப்பிக்கும் ஒரு சேர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். 2017இல் அவர் கராஜுக்கு வந்து எங்கள் பக்கத்தில் குந்தினார். உம்மாவை மாதம் ஒரு தடவை மட்டக்களப்புக்கு கிளினிக் கொண்டுபோக வேண்டும், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், லீசிங்கில் ஒரு கார் எடுக்கலாம் என்று யோசிக்கிறேன், என்ன எடுக்கலாம் என்றார்.

நாங்கள் நாலு பேரும் ஒரே வாயாகச் சொன்னோம்: "அக்வா!"

டொயோட்டா அக்வா ஜப்பானில் வெளிவந்தது 2011 கடைசியில். இங்கே வந்ததிலிருந்து எங்களுக்கு அதில் ஒரு மயக்கம். பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட். பிறேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை மோட்டார் திருப்பிப் பிடித்து பற்றரிக்கு அனுப்பும். அடுத்த தடவை வண்டி கிளம்பும்போது அந்தச் சக்தியே தள்ளிக் கொடுக்கும். சிக்னலில் நின்றால் எஞ்சின் சத்தமே இருக்காது. இதையெல்லாம் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினோம். அவர் பாவம், வகுப்பில் நல்ல பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு 2013 அக்வா கிடைத்தது. கொண்டுவந்த அன்று எல்லோரும் போய்ப் பார்த்தோம். வெள்ளை நிறம். முந்தைய உரிமையாளர் போட்டிருந்த தடித்த சீட் கவர் வேறு, கறுப்பில் சிவப்புத் தையலோடு. "சீட் கவரே ஒரு காசுக்கு இருக்கு" என்று நாங்கள்தான் சொன்னோம். உம்மாவை முதலில் ஏற்றினார்கள். கார் பதிவாக இருந்ததால் கதவைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, "யா அல்லாஹ்" என்று சொல்லித்தான் உள்ளே இறங்கினார். நாங்கள் சிரித்துக்கொண்டே "பழகிடும் உம்மா" என்றோம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நாங்கள் அன்றைக்குப் போடாத ஒரு கணக்கு. எங்களில் ஒருவர் கணித ஆசிரியர் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம்.

அந்த சேரின் வீட்டிலிருந்து பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர். போய்வர ஆறு. மாதம் இருபது நாள் என்றால் 120. மட்டக்களப்புக்கு ஒரு தடவை போய்வர ஏறக்குறைய 80. சந்தை, கலியாணம், ட்யூஷன் எல்லாம் சேர்த்து மாதம் 250 கிலோமீற்றர் என்று வையுங்கள். லீற்றருக்குப் பன்னிரண்டரை ஓடும் சாதாரணக் காருக்கு 20 லீற்றர் வேண்டும். லீற்றருக்கு இருபது ஓடும் அக்வாவுக்கு பன்னிரண்டரை லீற்றர். மிச்சம் ஏழரை லீற்றர். 2017இல் பெற்றோல் 117 ரூபா. அதாவது மாதம் 900 ரூபாகூட மிச்சமில்லை!

இந்த 900 ரூபாவுக்காகத்தான் ஒரு சாதாரணச் சின்னக் காரை விட பல இலட்சம் கூடக் கொடுக்கச் சொல்லி, ஐந்து வருட லீசிங்கில் அவரை மாட்டிவிட்டோம். ஹைப்ரிட் கெட்டது என்று சொல்லவில்லை. நாள் முழுக்க ஊர் சுற்றுகிறவருக்கு, வாடகைக்கு ஓடுகிறவருக்கு அது தங்கம். மூன்று கிலோமீற்றர் போகிறவருக்கு என்ன? இதை நாங்கள் கேட்கவே இல்லை.

அடுத்தது பற்றரி. அக்வாவின் பெரிய பற்றரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. நிக்கல் வகை. 20 கட்டிகள் வரிசையாக அடுக்கியது, ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 144 வோல்ட். வேலை செய்யும்போது அது சூடாகும். சூட்டைத் தணிக்க ஒரு சின்ன மின்விசிறி, காருக்குள் இருக்கும் ஏசிக் காற்றை இழுத்து பற்றரிக்கு ஊதும். அந்தக் காற்று உள்ளே போகும் வாய் பின் இருக்கையின் கீழே இருக்கிறது. ஒரு சின்னச் சல்லடை மாதிரி, பார்த்தால் ஸ்பீக்கர் என்று நினைப்பீர்கள்.

அந்த அழகான சீட் கவர் தொங்கி மூடிக்கொண்டிருந்தது அந்த வாயைத்தான்.

போதாததற்கு எங்கள் ஊர். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் மண்தான். செருப்பில் மண், பிள்ளைகளின் புத்தகப் பையில் மண். மூடாமல் விட்டாலே இரண்டு மூன்று வருடத்தில் அந்த விசிறி தூசு பிடித்து அடைத்துவிடும். மூச்சு விட வழியில்லாமல் சூட்டில் வெந்த பற்றரி எத்தனை நாளைக்குத் தாங்கும்? அடுக்கில் ஒரு கட்டி பலவீனமானாலும் முழு அடுக்கையும் இழுத்துக்கொண்டு போகும். ஆசிரியர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

2021 கடைசியில் அவருடைய டாஷ்போர்ட்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கொஞ்ச நாளில் கார் நின்றது. கையால் கியர் மாற்றும் சாதாரணக் காரில் பற்றரி செத்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். இந்த ஹைப்ரிட்டில் அது நடக்காது. எஞ்சினைக் கிளப்புவதே பெரிய பற்றரியின் சக்தியில் சுழலும் மோட்டார்தான், தனி ஸ்டார்ட்டர் கிடையாது. பெரிய பற்றரி இல்லையென்றால் டாங்கி நிறையப் பெற்றோல் இருந்தாலும் அது ஒரு கட்டில்.

பிறகு வந்தது 2022. யாருக்கும் மறக்காது.

ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபா. அதுவும் கையில் காசு இருந்தால் போதாது, செட்டில் சாமான் இருக்க வேண்டும். நாங்கள் இரவு முழுக்க மோட்டார் சைக்கிளில் சாய்ந்து கிடந்து, சுபஹ் பாங்கு கியூவிலேயே கேட்ட நாட்கள் அவை. பாடசாலைகள் மூடப்பட்டன. ஜூலையில் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. இலக்கத் தகட்டின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து நாள். ஒரு கடதாசித் துண்டில் அச்சடித்த கறுப்பு வெள்ளைச் சதுரம், மைல் கணக்கில் நின்ற கியூவைக் கொஞ்ச நாளிலேயே சுருக்கியது. நாட்டில் எத்தனையோ பெரிய தொழில்நுட்பம் பற்றிப் பேசுகிறோம். எங்கள் ஆயுளில் அரசாங்கம் செய்து நாங்கள் கண்ணால் கண்ட உருப்படியான தொழில்நுட்பம் அந்தச் சதுரம்தான் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. ஆனால் அதே ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியபோது, மீனவர்களுக்கு எந்தச் சதுரமும் உதவவில்லை. தோணிகள் கரையில் கிடந்தன.

அந்த வருடத்தில் எங்கள் ஊருக்கு சைக்கிள் திரும்பி வந்தது. மேடு பள்ளம் இல்லாத கரையோரம், சைக்கிளுக்கென்றே படைத்தது மாதிரி. பாடசாலை திறந்தபோது அதிபரே சைக்கிளில் வந்தார். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் சைக்கிள்கள் மறுபடி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போய்ச் சாய்ந்துவிட்டன. அதுவும் எங்களைப் பற்றி ஒரு செய்திதான்.

இனிமேல் சொல்வதுதான் எங்களுக்குச் சொல்லக் கஷ்டமானது. பெற்றோல் 470 விற்ற அந்த வருடத்தில், எங்கள் வட்டாரத்திலேயே குறைவாகப் பெற்றோல் குடிக்கும் கார் அந்த சேரின் வளவில், தென்னோலைக் கொட்டிலுக்குள் அசையாமல் நின்றது. லீசிங் மட்டும் ஓடியது. இறக்குமதி பூட்டியிருந்ததால் பற்றரி விலை மேலே மேலே போனது. உம்மாவை அவர் பஸ்ஸில் கொண்டுபோனார். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு, நிற்க இடமில்லாத பஸ்ஸில், முழங்கால் ஏலாத உம்மாவோடு. கடைசியில் பொண்சாதியின் காப்பை விற்றுத்தான் பற்றரி போட்டார்.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். ஊர் சின்னது. ஆனால் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கராஜ் பக்கம் வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். ஸ்டாஃப் ரூமில் ஸலாம் சொல்வார், சிரிப்பார், போய்விடுவார். நாங்களும் அவரிடம் காரைப் பற்றிக் கதைக்காமல் கவனமாக இருந்தோம். மூன்று வருடம் அப்படியே போனது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். போன வருடம் ஒரு ஹாஜியார் வந்து "வெசல் ஒண்டு இப்ப என்ன விலை போகுது?" என்று கேட்டார். எங்களுக்கு சந்தோசம். எந்த வருடம் நல்லது, எதில் கியர் பிரச்சினை, வெள்ளைக்கும் கறுப்புக்கும் விலை வித்தியாசம் என்ன என்று முக்கால் மணித்தியாலம் வகுப்பெடுத்தோம். அவர் எல்லாவற்றையும் சிகரட் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். போகும்போதுதான் சொன்னார்: "மாப்பிள்ள வீட்டால கேக்காங்க."

வீடு கட்டிக் கொடுப்பது எங்கள் பகுதியில் காலங்காலமாக இருக்கிறது. பெண் பிள்ளை பிறந்ததும் வாப்பா கல் அடுக்கத் தொடங்குவார். இப்போது அந்த வீட்டுக்கு முன்னால் நிறுத்த ஒரு காரும் வேண்டும். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். நாங்கள் கியர் பிரச்சினை பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்! அன்றைக்கு இரவு கராஜில் யாரும் அதிகம் கதைக்கவில்லை. "நாமளும் இதுக்குத் துணையாத்தான் இருக்கம்" என்று காக்கா மட்டும் சொன்னார்.

ஆலோசனை ஓர் அமானிதம் என்று ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். நாங்கள் அதைப் பிளேன்டீயோடு சேர்த்துக் கரைத்துக் குடித்திருக்கிறோம். அதனால்தான் இந்தப் பதிவு. எங்கள் கருத்துகளை நிறுத்தப் போவதில்லை, அது எங்களால் ஏலாது. கொஞ்சம் திருத்திச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

முதலாவது, மின்சாரக் கார். இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். பத்து வருடத்துக்கு முன் நிஸான் லீஃப் வந்தபோதும் இப்படித்தான் குதித்தோம். அந்த முதல் தலைமுறை லீஃபின் 24 கிலோவாட் மணி பற்றரிக்குத் தனியாகக் குளிரூட்டல் கிடையாது. குளிர் நாட்டுக்குச் சரி. எங்கள் வெயிலில் மீற்றரில் இருந்த 12 கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இப்போது வரும் சீனக் கார்கள் பலவற்றில் பற்றரியின் இரசாயனமே வேறு, திரவத்தால் குளிரூட்டுகிறார்கள். ஆகவே பழைய பயத்தை வைத்துப் புதியதை எடைபோட வேண்டாம், புதிய விளம்பரத்தை மட்டும் வைத்தும் எடைபோட வேண்டாம். கூரையில் சோலார் இருக்கிறது, ஊருக்குள்ளும் அம்பாறை மட்டக்களப்புக்கும்தான் ஓட்டம் என்றால் தாராளமாக யோசியுங்கள். வீட்டில் இருப்பதே அந்த ஒரு கார்தான், நடு இரவில் கொழும்புக்கு நோயாளியைக் கொண்டுபோக வேண்டி வரும் என்றால், முந்நூறு கிலோமீற்றருக்கு மேலான அந்தப் பாதையை முதலில் யோசியுங்கள்.

இரண்டாவது, புதிதாக வந்திறங்கும் காரின் விலை. காருக்குச் சுங்க வரி, உற்பத்தி வரி, அவற்றுக்கு மேல் 18 வீத வற் வரி, விலை கூடிய காரென்றால் ஆடம்பர வரியும். வரிக்கு வரி. நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இரும்புக்கும் இல்லை, ஜப்பான்காரனுக்கும் இல்லை. நாடு டொலருக்குப் பட்ட பாட்டை நாங்களும் பார்த்தோம், வரி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வரியைத் தவணைக்குக் கடன் எடுத்துக் கட்டுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். மாதச் சம்பளச் சீட்டை லீசிங் கடதாசிக்குப் பக்கத்தில் வைத்து, பொண்சாதியையும் கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். கடைசியில் காப்பு யாருடைய கையிலிருந்து கழறும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, பழைய கார். ஏலத்தில் எடுத்து வந்தது என்றால் ஜப்பான் ஏலத்தாளைக் கேளுங்கள். நாலு, நாலரை என்று தரம் போட்டிருப்பார்கள். ஆர் என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. செசி இலக்கத்தோடு ஒத்துப் பாருங்கள். இங்கே ஓடியது என்றால் மேலே பார்ப்பதை விட்டுவிட்டு கீழே குனிந்து பாருங்கள். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு டொயோட்டாவும் ஒன்றுதான் தகர வாளியும் ஒன்றுதான். கதவுக்குக் கீழ்ப்பக்கம், சில்லு வளைவு, தரைத்தகடு இந்த மூன்றிலும் கறல் இல்லையென்றால் பிறகு நிறத்தைப் பாருங்கள். கடலோரத்தில் வைத்திருப்பவர்கள் கிழமைக்கு ஒரு தடவை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய் பின் சீட்டுக்குக் கீழே அந்தச் சல்லடையைப் பாருங்கள். இந்தப் பதிவில் வேறு எதுவும் வேண்டாம், அதையாவது செய்யுங்கள்.

நாலாவது, எங்கள் மாணவர்கள். லைசன்ஸ் எடுக்க வயது வராத பிள்ளைக்கு, ரிசல்ட் நல்லம் என்று மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் வாப்பாமார்களே, அந்தப் பிள்ளையும் எங்களிடம்தான் வந்து "எந்த பைக் சேர் கூட ஓடும்?" என்று கேட்கிறான். முந்தி பதில் சொன்னோம். இப்போது சொல்வதில்லை. "பள்ளிக்குத்தானே போறன்" என்று ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஓடுகிற பெரியவர்களைப் பார்த்துத்தான் அவன் பழகுகிறான். அதில் எங்களில் ஒருவரும் அடக்கம். திருந்திவிட்டார்.

ஐந்தாவது, பெரிய ஆட்களின் பெரிய வாகனம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பஜெரோ என்பது காரின் பெயராக எங்களுக்குத் தெரியவில்லை, பதவியின் பெயராகத்தான் தெரிந்தது. பஜெரோ வந்தால் வீதியோரம் நின்று பார்ப்போம். 2025இல் ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்களை ஏலத்தில் விட்டபோது ஊரெல்லாம் கைதட்டினோம். சரியான வேலைதான். ஆனால் அந்தப் பெரிய வாகனத்தைப் பார்த்து எழுந்து நின்று இடம் கொடுத்து, சைக்கிளில் வந்தவரைக் கதிரையில்லாமல் நிற்க வைத்தது யார்? எங்கள் கலியாண வீடுகளில் இன்றைக்கும் அதுதானே நடக்கிறது. அந்த மனதை எந்த ஏலத்தில் விடுவது?

ஆறாவது, பஸ். வாகனப் பைத்தியங்களிடம் பஸ்ஸைப் பற்றி யாரும் கருத்துக் கேட்பதில்லை. அந்த சேரின் கதைக்குப் பிறகு நாங்களாகவே யோசித்தோம். எங்களில் ஒருவர் பஸ்ஸில் ஏறி எட்டு வருடம் ஆகியிருந்தது. 1958இல் இலங்கை போக்குவரத்துச் சபை தொடங்கியபோது பஸ்தான் எல்லோருக்கும் வாகனம். இன்று பஸ் என்பது வேறு வழியில்லாதவர்களுக்கு என்று ஆகிவிட்டது. 2025 தொடக்கத்தில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் இருந்த அலங்காரங்களைப் பொலிஸ் கழற்ற வைத்தது. ஆளுக்கொரு பக்கம் நின்று சண்டை பிடித்தோம். அதே வருடம் மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அலங்காரத்தைப் பற்றி இவ்வளவு கதைத்த நாங்கள் ரயரைப் பற்றி, பிறேக்கைப் பற்றி, சாரதி எத்தனை மணித்தியாலம் தூங்கினார் என்பதைப் பற்றி என்ன கதைத்தோம்? நேரத்துக்கு வருகிற, வயதானவர் ஏறக்கூடிய படி வைத்த ஒரு பஸ் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஓடியிருந்தால், அந்த சேர் அன்றைக்கு எங்களிடம் கேட்க வந்திருக்கவே மாட்டார். கார் ஆசையில் பாதி பஸ்ஸில் பட்ட கஷ்டம்தான்.

சரி. கதையை முடித்துவிடுகிறோம்.

சில கிழமைகளுக்கு முந்தி, மஃரிபுக்குப் பிறகு நாலு பேரும் அந்த சேரின் வீட்டுக்குப் போனோம். போகும்வரை என்ன சொல்வது என்று தெரியாது. பிளேன்டீ வந்தது. காக்காதான் தொடங்கினார். "நாங்க அண்டைக்கு யோசிக்காமச் சொல்லிட்டம், சேர். மன்னிச்சுக்கங்க."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சிரித்தார்.

"நான் கேட்டதும் காரப் பத்தித்தான். நீங்க சொன்னதும் காரப் பத்தித்தான். என்னப் பத்தி ஒருத்தரும் கதைக்கல்லயே. அதுல எனக்கும் பங்கிருக்கு."

அந்தக் காரை விற்றுவிட்டு, மிச்சமில்லாமல் கடனும் இல்லாமல் சின்னதாக ஒன்று எடுக்க யோசிக்கிறேன் என்றார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. முதன்முதலாக நாங்கள் அவரிடம் கேட்டோம். மாதம் எவ்வளவு ஓடுவீங்க? பிள்ளைகள் இப்ப எத்தனை பேர் வீட்டில்? கையில் எவ்வளவு? உம்மாவுக்கு கிளினிக் இன்னும் இருக்கா?

"இருக்கு. ஆனா இந்தக் காருக்குள்ள இறங்கி ஏற ஏலாது அவவுக்கு. முழங்கால். பஸ் படி உயரம், கார் சீட் பதிவு. ரெண்டுக்கும் நடுவுல ஒண்டும் இல்ல."

2017இல் கண்ணுக்கு முன்னால் நடந்தது. "பழகிடும் உம்மா" என்று சொன்னவர்கள் நாங்கள். எட்டு வருடமாகப் பழகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, தெரிந்த ஒருவரிடம் அவருடைய பழைய வேகன் ஆரை ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் கேட்டு வாங்கினோம். 660 சீசீ. எங்கள் கூட்டத்தில் நாங்கள் எப்போதும் நக்கலடிக்கும் கார், தீப்பெட்டி என்று பெயரும் வைத்திருந்தோம். வேகம் இல்லை, கெத்து இல்லை. ஆனால் உயரமான கூரை, கதிரை உயரத்தில் சீட். அதை சேரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, உம்மாவைக் கூட்டிவரச் சொன்னோம்.

உம்மா வந்து காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. நிறம் என்ன என்று கேட்கவில்லை. திரும்பி நின்று, கதிரையில் குந்துவது மாதிரி அப்படியே குந்தி, இரண்டு காலையும் மெதுவாக உள்ளே எடுத்து வைத்தார்.

"இது நல்லம் மகன், கால இழுக்கத் தேவல்ல."

எங்கள் வாழ்க்கையில் ஒரு காரைப் பற்றி நாங்கள் கேட்ட மிகச் சரியான கருத்து அதுதான். சேர் இன்னும் வாங்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம். யாரிடமாவது கறல் இல்லாத, நியாயமான விலையில் ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

மற்றபடி, கராஜ் முன்னால் இஷாவுக்குப் பிறகு நாங்கள் இருப்போம். வாருங்கள், கேளுங்கள். என்ன கார் என்று சொல்வதற்கு முந்தி நாங்கள் நாலு கேள்வி கேட்போம், கோபிக்க வேண்டாம். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உம்மாவின் முழங்காலுக்கு ஒரு துஆ செய்துவிட்டுப் போங்கள்.